போலீஸ் சம்பளமும் பக்கத்து ஊரும்

புதிதாக யூனிஃபார்ம் மாட்டிய நம் பிள்ளைகள் எனக்கு ஃபோன் செய்தால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள், திருடர்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஓய்வு பெற்ற புதிதில் எதிர்பார்த்தேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். “அங்கிள், கலிஃபோர்னியா பே ஏரியால அவ்ளோ குடுக்கறாங்களாமே, டெக்சாஸ்ல ஏன் இவ்ளோதான்? ஜெர்சில பக்கத்து பக்கத்து ஊருக்கே ஏன் இவ்ளோ வித்தியாசம்? எங்க அப்ளை பண்றது?”

ஃபோனில் எனக்குப் பேச வராது. நேரில் அதைவிட மோசம். அதனால் எழுதிவிடுகிறேன். பொருளாதாரம் படித்தவன் எழுதினால் இதைவிட நன்றாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தை மூடியவன். நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரின் போலீஸில் சேர்ந்து, பென்ஷன் கிடைக்கிற நாள் வந்ததும் மறுநாளே கிளம்பிவிட்டேன். நடுவில் சில வருடங்கள் எங்கள் யூனியனின் சம்பளப் பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்தேன். திறமையைப் பார்த்துப் போடவில்லை. “இவன் வாயே திறக்க மாட்டான், ரகசியம் வெளியே போகாது” என்றுதான் போட்டார்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவன் போலீஸில் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டப்படுவான். வேகமாகப் போன காரை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர் முதலில் பேசட்டும் என்று ஜன்னல் ஓரம் நிற்பேன். ஒருமுறை ஒரு ஆன்ட்டி என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, “ஜெபராஜா? தமிழா தம்பி? எந்த ஊரு? ஐடில ட்ரை பண்ணலியா?” என்று கேட்டு, டிக்கெட் எழுதி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு பெண்ணும் பார்த்துவிட்டார். என் அம்மா, எனக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று சர்ச் ஜெபக்கூட்டத்தில் ஜெபித்து வந்தாள். போலீஸில் சேர்ந்த பிறகும் அந்த ஜெபத்தை நிறுத்தவில்லை.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் கழற்றிப் போடுங்கள். ஆபத்துக்குச் சம்பளம் கிடையாது.

எங்கள் ஊரில் பெரிய ஆபத்து என்றால் சாலையை மறிக்கும் வாத்துக் கூட்டம். தீபாவளிக்கு வெடி வைத்தவர்களுக்கும் பக்கத்து வீட்டு நாய்க்காரருக்கும் சமாதானம் செய்து வைப்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். அகாடமியில் என்னோடு ஓடிப் பயிற்சி எடுத்த நண்பன் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பழைய தொழில் நகரத்தில் சேர்ந்தான். அவனுக்கு வாரா வாரம் துப்பாக்கிச் சத்தம். ஆனால் சம்பளம் எனக்குத்தான் அதிகம். இது என்ன நியாயம் என்று எங்கள் சார்ஜென்டிடம் கேட்டேன். அவர் உடம்பும் வாயும் பெரிய ஐரிஷ்காரர். டோனட்டைக் காப்பியில் முக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“துப்பாக்கி வெடிக்கிற ஊர்ல வரி கட்ட கடை இருக்காது. கடை இருக்கிற ஊர்ல துப்பாக்கி வெடிக்காது. உன் சம்பளத்த முடிவு பண்றது திருடன் இல்ல. பக்கத்து ஊர் போலீஸ்காரன். அவன் வாங்கறதவிட ரொம்பக் கம்மியா குடுத்தா நீ அங்க போயிடுவ. நீ போகாம இருக்கறதுக்குத்தான் காசு. வீரத்துக்குன்னு நினைச்சியா?”

நினைத்திருந்தேன். நினைப்பதை அன்றோடு விட்டேன்.

எங்கள் சம்பள ஒப்பந்தம் காலாவதியான ஒரு வருடம், நான் குழுவில் இருந்தேன். குழுவில் மூன்று பேர்: அந்தச் சார்ஜென்ட், நான், எப்போதும் சார்ஜென்ட் சொல்வதையே சொல்லும் ஒரு டிடெக்டிவ். மேசையின் அந்தப் பக்கம் ஊர் கவுன்சிலின் ஆட்கள், அவர்களுடைய வக்கீல். நியூ ஜெர்சியில் போலீஸ் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சு முறிந்தால் ஒரு நடுவர் வந்து, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு இவ்வளவு கொடு என்று தீர்ப்பு சொல்வார். அதனால் எந்த ஊரோடு ஒப்பிடுவது என்பதில்தான் சண்டை முழுக்க.

கவுன்சில் வக்கீல் ஹூஸ்டன் பக்கத்து ஊர்களின் சம்பளத்தைக் காட்டி, நீங்கள் ராஜா மாதிரி இருக்கிறீர்கள் என்றார். எங்கள் வக்கீல் பே ஏரியா ஊர்களைக் காட்டி, நாங்கள் பிச்சைக்காரர்கள் என்றார். இரண்டு பேருக்கும் மணிக் கணக்கில் ஃபீஸ்.

எனக்கு இந்தச் சண்டை புதிதே இல்லை. என் அக்கா டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். தங்கை கலிஃபோர்னியாவில், பே ஏரியாவின் மில்பிடாஸில். நம் ஆட்கள் சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்க மாட்டார்கள், நாகரிகம் இல்லையாம். வீட்டைக் கேட்பார்கள். எத்தனை பெட்ரூம், சொந்தமா, ஸ்கூல் எப்படி என்று மூன்று கேள்வியில் பே-ஸ்லிப்பையே உருவி எடுத்துவிடுவார்கள். எங்கள் குடும்ப வீடியோ காலில் அத்தான் சொல்வார், “உங்க ஹால் எங்க பேண்ட்ரி சைஸ்கூட இருக்காதும்மா.” தங்கை விட மாட்டாள். “இருக்கட்டும் அத்தான். இத வித்தா உங்க தெருவையே வாங்கலாம்.”

அந்த வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கேட்டி போனேன். சர்ச் வாசலில் ஒரு போலீஸ்காரர் யூனிஃபார்மில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். லீவு நாளில் கல்யாண வீட்டுக்காரர் கொடுக்கும் காசுக்கு வந்தவர். நானும் போலீஸ் என்றதும் கை குலுக்கினார். நாலு பெட்ரூம் வீடு, பின்னால் நீச்சல் குளம். மாநில வருமான வரி கிடையாது. சம்பளம் எங்களைவிட எவ்வளவோ குறைவு. அவர்கள் ஊரில் யூனியன் மேசையில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டுமென்றால் முதலில் ஊர் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டுமாம். இன்னும் போடவில்லை. “நீச்சல் குளத்தில் எப்போதாவது குளிப்பீர்களா?” என்று கேட்டேன். “எங்கே? லீவு நாளெல்லாம் உங்கள் கல்யாணத்தில்தான் நிற்கிறேன்” என்றார்.

லீவு மிச்சம் இருந்ததால் அங்கிருந்து தங்கை வீட்டுக்கும் போனேன். மில்பிடாஸில் ஒரு தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர். அவர் சம்பளம் கேட்டால் உங்களுக்கு நாளைக்கே டிக்கெட் போடத் தோன்றும். வீடு மலைக்கு அந்தப் பக்கம், டிராஃபிக் இல்லாத நாளில் இரண்டு மணி நேரம். தொடர்ந்து டியூட்டி இருந்தால் ஸ்டேஷன் பின்னால் வேனில் படுத்துக்கொள்வாராம். தங்கை சொன்னாள், “இங்க கோடிங் பண்றவனே ரூம்மேட் வெச்சுக்கிட்டு இருக்கான். எங்க ஆபீஸ் செக்யூரிட்டி கார்டுக்கே நல்லா குடுக்கறாங்க. போலீஸுக்கு அள்ளிக் குடுக்கலன்னா எவன் வருவான்?”

ஆக, அதிகம் வாங்குகிறவர் வேனில் தூங்குகிறார். குறைவாக வாங்குகிறவர் குளிக்காத குளத்துக்குச் சொந்தக்காரர். சம்பளத்தை மட்டும் பார்த்து ஊர் மாறாதீர்கள். அங்கே வீடு என்ன விலை, போலீஸை விட்டால் வேறு என்ன வேலை கிடைக்கும், ஊருக்கு யார் வரி கட்டுகிறார்கள், மேசையில் உட்காரச் சட்டம் விடுகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் எங்கள் மேசையில் நான் சொன்னேனா என்றால், இல்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஷெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியிலேயே, எடிசனில் பிறந்த தமிழ்ப் பெண், அப்பா தூத்துக்குடிக்காரர். எங்கள் ஸ்டேஷனில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னை “அங்கிள்” என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஸ்டேஷன் முழுக்க எனக்கு அதுதான் பெயர். என்னைவிட மூத்த சார்ஜென்டும் அங்கிள் என்றார்.

ஷெரினும் அவள் கணவனும் எங்கள் எல்லைக்குள்ளேயே மான்மவுத் ஜங்ஷனில் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்து அட்வான்ஸும் கொடுத்திருந்தார்கள். கணவன் கிராஜுவேட் ஸ்கூலில் இருந்தான். கைக்குழந்தை வேறு. பேங்க் நம்பியது அவள் சம்பளத்தை மட்டும்தான். எங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் உச்சச் சம்பளத்துக்கு வருடம் ஒரு ஸ்டெப்பாக ஏறுவார். அவளுக்கு அடுத்த ஸ்டெப் வந்தால் வீடு உண்டு. வராவிட்டால் அட்வான்ஸும் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் கவுன்சில் ஒரு யோசனை கொண்டுவந்தது. உச்சத்தில் இருக்கும் பழைய ஆட்களுக்கு நல்ல உயர்வு. அந்தச் செலவை ஈடுகட்ட, கீழே இருக்கும் புதியவர்களுக்கு ஸ்டெப்புகளை உடைத்துக் கூட்டிவிடுவது. ஏறவேண்டிய உயரம் அதே, படிகள் மட்டும் இரண்டு மடங்கு, ஒவ்வொன்றும் பாதி உயரம். எனக்கும் சார்ஜென்டுக்கும் பென்ஷன் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். எங்களுக்கு லாட்டரி. ஷெரினுக்கு வீடு கிடையாது.

கவுன்சில் சார்பில் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சந்தானம் அங்கிள். என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, கோவில் கமிட்டி, தமிழ்ச் சங்கம் எல்லாம் முடித்து, கடைசியில் தேர்தலிலும் ஜெயித்தவர். நல்ல மனிதர். வீட்டு வரி ஏறினால் முதல் ஃபோன் அவருக்குத்தான் வரும் என்பதால் வரி என்றாலே நடுங்குவார். ஒரு பிறந்தநாள் விருந்தில் என்னை ஓரம் கட்டினார். என் கையில் பிரியாணித் தட்டு, வாயில் முட்டை.

“ஜெபா, ப்ரொபோசல் பாத்தியா? உனக்கு நல்லதுதானே. ரிட்டையர் ஆகற நேரத்துல பென்ஷன் ஏறும்.”

நான் மென்றேன்.

“புதுப் பசங்க யங்ஸ்டர்ஸ், வெயிட் பண்ணட்டும். நாமெல்லாம் க்ரீன் கார்டுக்கு வெயிட் பண்ணலியா? நீ கொஞ்சம் உங்க ஆளுங்ககிட்ட பேசி முடிச்சிடு. என்ன?”

பெரியவர் பேசும்போது நம் வளர்ப்பில் என்ன செய்வோம்? தட்டைப் பார்ப்போம். நானும் தட்டைப் பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி ரைத்தா போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் கவுன்சில் வக்கீல் சிரித்துக்கொண்டே, “உங்கள் குழுவில் ஒருவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். இன்று கையெழுத்துப் போட்டுவிடலாமா?” என்றார். சார்ஜென்ட் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். டிடெக்டிவ், சார்ஜென்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். யூனியனுக்குத் தெரியாமல் எதிர்த்தரப்போடு பேசி முடிப்பது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமம். வாய் திறக்க மாட்டான் என்று என்னைக் குழுவில் போட்டார்கள். வாய் திறக்காததால்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆங்கிலம் ஓடிப்போய்விட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

“அங்கிள், நான் அன்னைக்கு சரின்னு சொல்லல.”

அவர் திடுக்கிட்டார். “வேணாம்னும் சொல்லலியேப்பா.”

“வாய்ல முட்டை இருந்துச்சு அங்கிள்.”

“முழுங்கிட்டு சொல்லியிருக்கலாமே.”

“பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

“இப்ப மட்டும் சொல்ற?”

“இப்ப வேற வழி இல்ல அங்கிள். புதுசா வந்தவங்க ஸ்டெப்ப உடைக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஷெரின் வீடு வாங்கறா. நீங்க சொல்ற மாதிரி பண்ணா அது போயிடும்.”

வெள்ளைக்கார முகங்கள் டென்னிஸ் பார்ப்பதுபோல இங்கும் அங்கும் திரும்பின. வக்கீல், என்ன சொல்கிறார் என்று கேட்டார். சந்தானம் அங்கிள் ஒரு நொடி யோசித்தார். என்னை அங்கேயே பொய்யனாக்கியிருக்கலாம். “குழுவுக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்கிறார்” என்று மொழிபெயர்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்த மனிதரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். அன்று அவர் மொழிபெயர்த்த அந்த ஒரு வரிக்காகத்தான்.

கூட்டம் கலைந்ததும் சார்ஜென்ட் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போய், தமிழில் என்ன பேசினாய் என்று கேட்டார். சொன்னேன். “அங்கிள், நீ கை வைக்கிறது என் பென்ஷன்ல. எனக்கு இது கடைசி ஒப்பந்தம். தெரியும் இல்ல?” தெரியும் என்றேன். பிறகு அவர் எனக்குச் சொல்லித் தந்ததையே அவரிடம் சொன்னேன். படியை உடைத்தால் புதியவர்கள் பக்கத்து ஊருக்குப் போவார்கள். நம் ஊர் காசு போட்டு அகாடமிக்கு அனுப்பும், பழக்கும். பழகி முடித்ததும் பக்கத்து ஊர்க்காரன் அறுவடை செய்துகொண்டு போவான். நாம் லீவே இல்லாமல் அவர்கள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்போம். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. “என் வாயே எனக்கு எதிரி” என்றார். அடுத்த வாரம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார். டிடெக்டிவும் வேண்டாம் என்றார், கேட்கவா வேண்டும்.

கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்ன உயர்வு, ஸ்டெப்புகள் பழையபடி. சார்ஜென்ட் அந்தச் சின்ன உயர்வோடு ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போனார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும்போதெல்லாம், “இதைவிடப் பெரிய படகு வாங்கியிருப்பேன்” என்று எழுதுவார். ஷெரின் டவுன்ஹவுஸ் வாங்கினாள். பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தாள். ஸ்மோக் அலாரம் அலறி எங்கள் ஸ்டேஷனுக்கே அழைப்பு வந்தது.

கதையை இங்கே நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் நீங்கள் தொழிலுக்கு வந்தவர்கள், மீதியும் தெரிய வேண்டும்.

வீட்டில் குடியேறிய அடுத்த வருடம் ஷெரின் என் லாக்கர் பக்கம் வந்து நின்றாள். டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரம் வேர்ஹவுஸாகக் கட்டித் தள்ளியிருந்த பக்கத்து ஊரில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வேர்ஹவுஸ்கள் வரி கட்டுகின்றன, ஆனால் அந்த வரியில் நடக்கும் ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அந்த ஊரிடம் காசு இருந்தது.

“அங்கிள், ஐ ஃபீல் டெரிபிள். நீங்க எனக்காக அவ்ளோ ஃபைட் பண்ணீங்க. இப்ப நான் போறேன். ஆர் யூ மேட்?”

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் பென்ஷனில் ஒரு துண்டு அவள் வீட்டு வாசற்படியில் கிடக்கிறது. ஆனால் அவள் கேட்டபோது, நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். போவேன். சார்ஜென்டும் போயிருப்பார். நான் சண்டை போட்டது அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்கா, அவளுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்பதற்கா? வீடுதான் கிடைத்துவிட்டதே.

“அங்க எத்தன ஸ்டெப்?” என்று கேட்டேன்.

சொன்னாள். எங்களைவிடக் குறைவு. விசில் அடிக்கத் தோன்றியது.

“போறதுக்கு முன்னாடி எதுக்குப் போறேன்னு ராஜினாமால தெளிவா எழுதிட்டுப் போ. சம்பளத்துக்குன்னே எழுது. ஃபேமிலி ரீசன்ஸ், அது இதுன்னு மழுப்பாத.”

“தட்ஸ் ஸோ எம்பாரஸிங், அங்கிள்.”

“எனக்கு உபகாரம் பண்ணணும்னு நினைச்சா இதப் பண்ணு.”

பண்ணினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் அதே வழியில் போனார்கள், அவர்களும் அப்படியே எழுதினார்கள். போகிறவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். ஊர் மேல் பாசம், பேட்ஜ் மேல் விசுவாசம் என்றெல்லாம் மேடையில் பேசுவார்கள். இருக்கிறவர்களின் சம்பளம் ஏறுவது போகிறவர்களால்தான். நீங்களும் போக வேண்டியிருந்தால் போங்கள். கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டுப் போங்கள், உள்ளே இருப்பவர்களுக்கு உதவும்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை எங்கள் வக்கீல் பே ஏரியாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைவிட்டுப் போனவர்களின் பெயர்களைப் படித்தார், ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுக்க ஊர் செய்த செலவைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். சந்தானம் அங்கிள் தன் முன்னால் இருந்த பட்டியலில் ஷெரின் பெயரில் விரலை வைத்து, மேசைக்கு மேலே குனிந்து, தமிழில் கேட்டார்.

“இந்தப் பொண்ணுக்காகத்தானே அன்னைக்கு என்னோட சண்ட போட்ட?”

“ஆமா அங்கிள்.”

“போயிடுச்சே.”

“அது போனதாலதான் அங்கிள், இன்னைக்கு நீங்க குடுக்கப் போறீங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொடுத்தார்கள்.